முருகைக்கல்லும் தட்டைப்புழுவும்

எங்கள் ஊரில் பவளப்பாறை என்று எவரும் சொல்வதில்லை. முருகைக்கல் என்பதே வழக்கு. நெடுந்தீவுக்குப் போனால் வளவுக்கு வளவு முருகைக்கல் அடுக்கிய வேலிகளைக் காணலாம். யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும் அந்தக் கல் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் பூப்பூவாய்த் துளைகள் தெரியும். ஒவ்வொரு துளையும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்த வீடு. குடாநாடே கடலடியில் படிந்த சுண்ணக்கல்லின் மேல்தான் நிற்கிறது. சூரா அர்-ரஹ்மானில் முத்தோடு சேர்த்து மர்ஜானும் பேசப்படுகிறது. அதை ஓதும்போது எனக்கு நகைக்கடைச் செம்பவளம் நினைவுக்கு வருவதில்லை. சோனகத் தெருவில் எங்கள் வளவின் பின்மதில்தான் வரும்.

உயிருள்ள முருகைக்கல்லை வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாம் என்பதை லண்டனில் இருக்கும் என் தங்கச்சியின் மகன்தான் எனக்குக் காட்டினான். இங்கே கடலில் முருகைக்கல் உடைப்பது சட்டப்படி குற்றம். அங்கே பண்ணைகளில் வளர்த்து, விரல் நீளத் துண்டுகளாக விற்கிறார்கள். உப்பை அளந்து கரைத்து, வெப்பத்தைக் கவனித்து, பகலையும் இரவையும் விளக்கால் உண்டாக்கி அவன் அதைப் பேணுகிறான். புத்தளத்து அகதி முகாமின் ஓலைக் குடிசையில் பிறந்த பிள்ளை. அவனுடைய தொட்டியில் மான்கொம்பு போலக் கிளைவிட்ட அக்ரோபோரா ஒன்று ஆறு வருடமாக வளர்ந்து நின்றது.

ஒருநாள் அதன் நிறம் மங்கத் தொடங்கியது. கிளைகளில் வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள். தண்ணீரைச் சோதித்தான், விளக்கைக் குறைத்தான், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஒரு குழாயால் தண்ணீரைப் பீச்சி அடித்தபோது, கிளையின் தோலே உரிந்து விழுவதுபோல ஏதோ விழுந்தது. அது தட்டைப்புழு.

இந்தப் புழுவின் கதை விசித்திரமானது. வீட்டுத் தொட்டிக்காரர்கள் பல காலம் இதோடு மல்லுக்கட்டிய பிறகு, 2011இல்தான் விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் சூட்டினார்கள். கடலில் இது வாழ்வதாக முதன்முதலில் அறிவிக்கப்பட்டது 2012இல், அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில். இன்று இதன் பெயர் புரொஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. பவளத்தின் தசையைத் தின்று, அதற்குள் வாழும் பாசியையும் நிறத்தையும் தன் உடலில் சுமந்துகொள்வதால் கண்முன்னே இருந்தாலும் தெரியாது. கடலில் அதைக் கொத்தித் தின்ன மீன்கள் உண்டு, பரந்து போக இடமும் உண்டு. நான்கு கண்ணாடிச் சுவருக்குள் அகப்பட்ட பவளத்துக்குத்தான் அது எமனாகிறது.

மருந்து கலந்த தண்ணீரில் பவளத்தை முக்கி எடுத்தால் புழு விழுந்துவிடும். முட்டைக்கு அந்த மருந்து ஏறாது. தசை போய் வெறும் எலும்பான அடிப்பகுதியில்தான் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கைத் தெளிவாகச் சொல்கிறது. 27 பாகை செல்சியஸில் முட்டை பொரிக்கச் சராசரியாக 11 நாள், புழு பருவமடைய 35 நாள். ஒரு தலைமுறைக்குக் குறைந்தது 38 நாள். 24 பாகையில் அதுவே 64 நாளாகிறது. ஆகவே ஒருமுறை முக்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பொரித்தவை பருவமடைந்து மறுபடி முட்டையிடுவதற்குள் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். இன்னொரு வழி, தொட்டியில் உள்ள அக்ரோபோரா அனைத்தையும் அகற்றிவிடுவது. குஞ்சுப்புழு அக்ரோபோரா இல்லாமல் கூடியது ஒன்பது நாள்தான் தாங்கும்.

"எல்லாத்தையும் ஒரே நாளில வெளியேத்திட்டன் மாமா" என்றான் தொலைபேசியில். சொன்ன பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

1990 ஒக்டோபர் 30க்குப் பிறகு எங்கள் வீடுகளில் அது சாதாரண வினைச்சொல் அல்ல. யாழ்ப்பாண நகரில் எங்களுக்குத் தரப்பட்டது இரண்டு மணித்தியாலம். இந்தப் புழுவை வைத்து உவமை செய்ய எவருக்கும் ஆசை வரலாம். வேண்டாம் என்பதே என் கட்சி. மனிதரைக் களை என்றும் கிருமி என்றும் பேசத் தொடங்கும் இடத்தில் முடிவு எப்படி இருக்கும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. 1994இல் ருவாண்டாவில் வானொலியே ஒரு மக்கள் கூட்டத்தைக் கரப்பான் என்றது. புழு புழுதான், தொட்டி தொட்டிதான், ஊர் தொட்டி அல்ல.

ஆனால் அடுத்து அவன் கேட்டதை என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. அடிப்பகுதி முழுக்க முட்டை. உயிருள்ள கிளை நுனிகளை மட்டும் வெட்டி எடுத்துப் புதிய கல்லில் ஒட்டிவிட்டு, ஆறு வருடத்து அடியை எறிந்துவிடுவதே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்கிறார்களாம். "நுனி பிடிக்கும் மாமா, அடி இல்லாமலும் வாழும்" என்றான். உண்மைதான். வெட்டிய துண்டு முதலில் உயரமாட்டாது. புதிய கல்லின் மேல் தன் தசையைப் படரவிட்டு, பிடித்துக்கொண்ட பிறகே கிளைவிடும். புத்தளத்தில் எங்கள் சனம் செய்ததும் அதைத்தான். கிடுகு கட்டி, பள்ளி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த பிறகே தலை நிமிர்ந்தோம்.

அவன் வெட்டினான். எறிந்தான். பெரும்பாலான நுனிகள் பிழைத்துவிட்டன.

அதே கிழமை தங்கச்சியும் பேசினாள். சோனகத் தெரு வளவைப் பற்றி. "வித்துப்போடுவம் நானா. பிள்ளைகள் ஒண்டும் அங்க வரப்போறதில்ல. இடிஞ்ச மதிலை வச்சு என்ன செய்யிற?" அவள் பேச்சில் பிழை இல்லை. நுனி பிடித்துவிட்ட பிறகு அடி எதற்கு?

எனக்குக் கல்பிட்டிதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் அகதிகளாய் அந்தப் பக்கம் இருந்தபோது, கரைக்கு அப்பால் பார் ரீஃப் என்ற பெரிய பவளத்திட்டு இருந்தது. 1998இல் கடல் சூடேறி, ஆழமற்ற பகுதியில் இருந்த பவளம் பெரும்பாலும் வெளிறிச் செத்தது. சில வருடத்தில் அங்கே மறுபடி அக்ரோபோரா முளைத்தது. நீரில் மிதந்து வரும் பவளக்குஞ்சு மணலில் தங்காது. அதற்கு உறுதியான தளம் வேண்டும், செத்த பவளத்தின் எலும்பும் அப்படியொரு தளம்தான். தொட்டியில் ஒரு துண்டு அடியில்லாமல் பிழைக்கும். திட்டு மீள்வதற்கோ செத்தவற்றின் அடியும் தேவைப்படுகிறது.

தங்கச்சியிடம், விற்க வேண்டாம், மதிலை நான் கட்டுவிக்கிறேன் என்றேன். "கட்டி? ஆர் வந்து இருக்கப்போற?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேசனை மட்டும் வரச்சொல்லியிருக்கிறேன். விழுந்து கிடக்கும் பழைய முருகைக்கற்களையே எடுத்துக் கட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.