மலைவழியில் தந்தையும் மகனும்

சேலம் மாநகரின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ளது சூரமங்கலம். சேலம் சந்திப்பு எனப்படும் புகைவண்டி நிலையம் இவ்விடத்தில்தான் இருக்கிறது. அங்கு இறங்கித் தெற்கு நோக்கிச் செல்வோர் இராசிபுரத்தைக் கடந்து நாமக்கல் சமவெளியை அடைவர். அப்பொழுது கிழக்கே நீல நிறச் சுவர் ஒன்றை எழுப்பி வைத்தாற்போலக் கொல்லிமலை காட்சி தரும். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. கொல்லிப்பாவையின் பெயரோடு சங்கப் பாடல்களில் இடம் பெற்ற மலை அது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட சாலையில் இன்று பேருந்துகள் ஏறிச் செல்கின்றன. நூறாண்டுகளுக்கு முன்னர் அச்சாலை இல்லை. கால் வலிமை உடையோர் நடந்தனர். குதிரை உடையோர் அதன்மேல் ஏறிச் சென்றனர். இயலாதவரை டோலியில் வைத்துச் சுமந்தனர். மலைக் காய்ச்சலுக்கு அஞ்சிய சமவெளி மக்கள் அங்கே ஓரிரவு தங்கவும் தயங்கினர்.

அத்தகைய மலையைத் தம் இல்லமாகக் கொண்டவர் ஜெசி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர். இவர் 1907ஆம் ஆண்டில் கிறித்தவ சமயப் பணிக்காக இந்தியாவுக்கு வந்தார். இங்கிலாந்தில் கட்டடத் தொழிலைக் கற்றவர். வெப்ப நாட்டு நோய்களுக்குரிய மருத்துவத்தையும் ஓராண்டு பயின்றவர். 1913ஆம் ஆண்டில் ஈவ்லின் என்னும் மங்கையை மணந்து, கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் குடியேறினார். ஈவ்லின் ஓவியம் தீட்டுவதில் வல்லவர். கணவர் மலையைக் கட்டடக்காரரின் கண்கொண்டு நோக்கினார். மனைவியோ வண்ணங்களை அறிந்த கண்கொண்டு நோக்கினார். இவ்விருவருக்கும் 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் பிறந்த மகனே பால் பிராண்ட். அவருக்குப் பின் கானி என்னும் மகள் பிறந்தாள்.

ஜெசி தம் வீட்டைத் தரையிலிருந்து உயர்த்தித் தூண்களின்மேல் கட்டினார். ஒவ்வொரு தூணின் தலையிலும், கவிழ்த்து வைத்த வாணலி போன்ற தகடு ஒன்றைப் பொருத்தினார். எதற்காக? கறையான் வெளிச்சத்தை விரும்பாது. மண்ணால் கூடு கட்டிக்கொண்டு அதனுள்ளேதான் மேலேறும். தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கூடு கட்டுவது அதற்கு எளிதன்று. இவ்வாறு தம் வீட்டினின்றும் கறையானை விலக்கிய அவரே, காட்டிற்குள் மகனை அழைத்துச் சென்று கறையான் புற்றின் முன் நிறுத்தினார் என்பது சுவையான செய்தியாகும்.

தந்தையும் மகனும் காட்டு வழியே நடந்து செல்லும் நாள்களே பாலின் இளமையில் பொன்னாள்களாக விளங்கின. ஆள் உயரத்திற்கு எழுந்த புற்றைக் கண்டால் ஜெசி நின்றுவிடுவார். அதன் வளைவுகளையும், காற்றுச் செல்லும் வழிகளையும் மகனுக்கு விளக்குவார். கட்டடக் கலையைப் பயின்றவர் அல்லரோ! கண் தெரியாத சிற்றுயிர்கள் நூல் பிடிக்காமல், மட்டப் பலகை வைக்காமல் அத்துணைப் பெரிய மாளிகையை எழுப்பும் திறன் அவரை வியப்பில் ஆழ்த்தியது. பல்லாயிரம் கறையான்களும் ஒரே தலையின் ஏவலுக்கு அடங்கியவை போல வேலை செய்வதை அவர் சுட்டிக் காட்டினார். புற்றினுள் அரசிக்குத் தனியறை உண்டு; காவல் புரியும் வீரர்கள் உண்டு; உணவுக்குரிய காளானை வளர்க்கும் தோட்டமும் உண்டு. மழைக்குப்பின் மாலையில் ஈசல் கூட்டமாய்ப் பறப்பதைக் கண்டு மகிழாத சிறுவர் இலர். அவ்வீசல் புறப்பட்டு வந்த வீட்டை எட்டிப் பார்த்தவர் சிலரே.

புழுதியில் சிறு புனல் போன்ற குழிகள் காணப்படும். குழியானை என்னும் பூச்சி அதன் அடியில் மறைந்து கிடக்கும். வழிதவறி வந்த எறும்பு சரிவில் கால் வைத்ததும், மணல் சரிந்து எறும்பும் கீழே உருளும். தந்தையும் மகனும் அதையும் குனிந்து பார்த்தனர். கிளை நுனியில் ஆடும் தூக்கணாங்குருவிக் கூட்டையும், மரத்தில் திரளாகத் தொங்கும் தேனீக் கூட்டத்தையும் கண்டனர். இவற்றுள் எதற்கும் பொருட்செலவு இல்லை. தந்தை தம் வேலையிடையே ஒதுக்கிய பொழுது ஒன்றே இதற்கு வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் இல்லாத மலையில் தாயே ஆசிரியை. பாலுக்கோ நாற்காலியில் அமர்ந்து கற்பது பிடிக்கவில்லை. ஆகவே மரக்கிளையில் அமர்ந்து கணக்குப் போடுவான், முடிந்ததும் தாளைக் கீழே போடுவான், தாய் திருத்துவார். கடிந்து கீழே இறக்காத அத்தாயின் பொறுமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

மலைமக்களுள்ளும் அவனுக்கு ஆசான்கள் இருந்தனர். ஒரு நாள் சிறுவர் சிலர் படிக்கட்டுப் போன்ற நெல்வயலில் இறங்கித் தவளை பிடித்து விளையாடினர். சேறு கலங்கி, மடை வழியே அடுத்த வயலுக்கு ஓடியது. நீர்க்காவல் புரிந்த முதியவர் ஒருவர் அங்கு வந்தார். சிறுவர் அவரைத் தாத்தா என்று அழைப்பர். அவர் ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டி, தம் குடும்பத்திற்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது இதுவே என்றும், மலையை விட்டு ஓடிய மண் திரும்பி வாராது என்றும் எடுத்துரைத்தார். அடித்து விரட்டியிருந்தால் சிறுவர் மறுநாளே மறந்திருப்பர். பால் பிராண்டோ முதுமையில் அக்கைப்பிடிச் சேற்றைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்.

தந்தையோடு சென்ற வழிகள் எல்லாம் இன்பமாகவே இருந்தன என்று எண்ணுதல் கூடாது. அந்நாளில் அம்மலையில் நரம்புச்சிலந்தி நோய் மிகுந்திருந்தது. குடிநீரோடு உடலுள் புகும் புழு, முழ நீளத்திற்கு மேலும் வளர்ந்து, காலில் புண் உண்டாக்கி வெளிவரும். ஜெசி அப்புழுவின் முனையை ஒரு குச்சியில் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்து எடுப்பார். அவசரப்பட்டால் புழு அறுந்துவிடும். உள்ளே தங்கிய பகுதி சீழ்பிடிக்கும். நோயுற்றவர் நீர்நிலையில் இறங்கி நின்று நீர் எடுப்பதாலேயே நோய் பரவுவதை அறிந்து, கிணற்றைச் சுற்றிக் கல்லால் சுவர் எழுப்பச் செய்தார். மருத்துவர் தொடங்கிய வேலையைக் கொத்தர் முடித்தார் எனலாம். 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவில் இந்நோய் ஒழிந்தது எனச் சான்றளித்தது. சீழையும் குருதியையும் கண்ட சிறுவன் பாலோ, மருத்துவத் தொழிலை ஒரு நாளும் ஏற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான். தொழுநோயாளர் மூவர் வந்தபோது, தந்தை கையுறை அணிந்து அவர்கள் புண்ணைக் கட்டியதை அவன் கண்டான். அத்தகைய அச்சத்தைத் தந்தையிடம் அவன் அதற்குமுன் கண்டதில்லை. அக்காட்சி அவன் நெஞ்சில் நிலைத்துவிட்டது.

1923ஆம் ஆண்டில் பிரிவு வந்தது. மக்கள் இருவரையும் கல்வியின் பொருட்டு இலண்டனில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். பாலுக்கு அப்பொழுது வயது 9. காடு கண்ட சிறுவனுக்கு நகரத்தில் ஏற மரம் இல்லை. தெருவிளக்குக் கம்பங்களில் ஏறினான். தாயும் தந்தையும் தவறாமல் கடிதம் எழுதினர். காட்டில் அன்று கண்டதைத் தந்தை மகனுக்கு எழுதினார். உடன் நடக்க இயலாதவர் எழுத்தால் நடந்தார். ஆயினும் கடிதம் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுமா? பெற்றோர் செய்த இம்முடிவு சரியா, தவறா என்று இன்று வினவுவோர் உளர். அக்காலத்தில் அயல்நாட்டில் பணிபுரிந்த ஆங்கிலேயர் பலர் தம் மக்களை இவ்வாறே அனுப்பினர் என்பது உண்மை. அச்சிறுவன் உள்ளம் அதனால் வாடியது என்பதும் உண்மையே.

ஆறாண்டுகள் கழிந்தன. அடுத்த ஆண்டில் விடுமுறைக்கு வருவதாகப் பெற்றோர் எழுதியிருந்தனர். 1929ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், மலைக் காய்ச்சல் முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலால் ஜெசி பிராண்ட் மலைமேலேயே உயிர் நீத்தார். அவர்க்கு வயது 44. தந்தி கடலைக் கடந்து விரைந்து வந்தது. கடிதங்களோ கப்பலில் மெல்ல வந்தன. ஆதலால் இறந்த செய்தியைக் கேட்ட பின்னரும், தந்தை உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் மகனின் கைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றில், மலைவழியே தனியே செல்லும்போது மண்ணும் மரமும் தமக்குத் தரும் மகிழ்ச்சியைத் தந்தை எழுதியிருந்தார். 14 வயதுச் சிறுவன் அதைப் படித்தான்.

மருத்துவத்தை வெறுத்த பால், தந்தையைப் போலவே கட்டடத் தொழிலைத் தேர்ந்து, தச்சும் கொத்தும் கற்றார். பின்னர் மனம் மாறி இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, விரல் மடங்கிய நோயாளி ஒருவரின் கையைப் பற்றி, அழுத்துமாறு கேட்டார். செயலிழந்தது எனக் கருதிய கை இரும்புப் பிடியாக அழுத்தியது! எல்லாத் தசைகளும் இறக்கவில்லை என்பதை உணர்ந்தார். நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறை அதிலிருந்து உருவாயிற்று.

ஆயினும் விரல்கள் குறைந்துகொண்டே இருந்தன. நோய் தசையை அரிக்கிறது என்றே அனைவரும் எண்ணினர். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதாகத் திறந்துவிட்டான். ‘இவனுக்கு இவ்வளவு வலிமையா!’ என்று வியந்தவர் தரையில் குருதித் துளியைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்பு வரையில் கிழித்திருந்தது. அவனோ அதை உணரவில்லை. விரலை அழிப்பது வலியற்ற நிலையே என்னும் உண்மை அவர்க்கு விளங்கலாயிற்று. அதன்பின் நோயாளர் எங்கே சுட்டுக்கொள்கின்றனர், எந்தக் கருவி கையைக் காயப்படுத்துகிறது என ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தார். இரவில் விரல் குறைந்தவர்களைக் கண்காணித்தபோது, உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. பூனைகள் வளர்க்கப்பட்டன. பாதத்தைக் காக்க மெத்தென்ற இரப்பர் செருப்புகள் செய்யப்பட்டன. குழியானையின் குழியருகே குனிந்து காத்திருந்த சிறுவனே இங்கும் குனிந்து நோக்கினான் என்று கூறுவது மிகையாகாது.

1960ஆம் ஆண்டில் இலாசுக்கர் பரிசு அவரை வந்தடைந்தது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று அங்கும் தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றினார். 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலமானார்.

கணவரை இழந்த ஈவ்லின் மலையை விட்டு நிலையாக நீங்கவில்லை. பணி ஓய்வு பெற்ற பின்னரும் அங்கேயே திரும்பி வந்து, குதிரைமேல் ஏறி ஊர் ஊராகச் சென்று தொண்டு புரிந்தார். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், 95ஆம் வயதில் இறந்தபோது, கொல்லிமலையில் ஜெசியின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர். 45 ஆண்டுகளுக்குமுன் தோண்டப்பட்ட அக்கல்லறையின் அருகே மலைமக்கள் கூடி நின்றனர்.