மியூட் பட்டன் என் கையில் இருந்தது

நான் ஒரு பெண். 2020 ஊரடங்குக் காலத்தில், பப்ஜி மொபைல் ஆடும் தமிழ்ப் பிள்ளைகளின் டிஸ்கார்ட் சர்வர் ஒன்றில் அதை மறைத்து உலவினேன். மறைத்ததைக் குற்றமாக நினைக்கவில்லை. இன்னொரு பெண் அங்கே எதையும் மறைக்காமல் பேசியபோது நான் நடந்துகொண்ட விதம்தான் குற்றம். ஒன்றையும் குறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

பப்ஜி பேசி ஆடவேண்டிய ஆட்டம். நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். ஸ்குவாடில் நான்கு பேர். எதிரி எந்தத் திசையில், எந்த வீட்டு மாடியில் என்று நொடியில் சொல்லவேண்டும். முன்பின் தெரியாத ஸ்குவாடில் நானும் ஆரம்பத்தில் மைக் போட்டுப் பேசினேன். "டேய், பொண்ணுடா!" என்றான் ஒருவன். அதன்பிறகு எதிரியை யாரும் தேடவில்லை. என் இன்ஸ்டா ஐடியைத்தான் தேடினார்கள். மைக்கை அணைத்தேன். பிறகு வெகுநாள் போடவே இல்லை.

டிஸ்கார்ட் எனக்கு வசதியாக இருந்தது. 2015இல் வந்த அந்தச் செயலி முக்கியமாக விளையாடுபவர்களுக்கு என்றே உருவானது. எழுதிப் பேச ஒரு அறை, குரலில் பேச ஒரு அறை. ஆணா பெண்ணா தெரியாத ஒரு பெயர் வைத்தேன். படமாக லெவல் 3 ஹெல்மெட். பேசச் சொன்னால் "மைக் ரிப்பேர் ப்ரோ" என்று தட்டச்சு செய்வேன். எல்லோரும் நம்பினார்கள்.

ஆட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். எம்416 துப்பாக்கியில் எந்த கிரிப் போட்டால் குலுங்காது, 6எக்ஸ் ஸ்கோப்பை 3எக்ஸாகக் குறைத்து எப்படிச் சுடுவது என்றெல்லாம் விளக்கி எழுதுவேன். சில மாதத்தில் என்னை மோட், அதாவது சர்வரைக் கண்காணிக்கும் மாடரேட்டர், ஆக்கினார்கள். என் பெயருக்குத் தனி நிறம் வந்தது. சின்னப் பையன்கள் "அண்ணா, ஒரு டவுட்" என்று வருவார்கள். அந்த "அண்ணா" எனக்குப் பிடித்திருந்தது. அதில் மரியாதை இருந்தது. ஒரு பெண்ணுக்கு அதே இடத்தில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அந்த மரியாதையை அனுபவித்தேன்.

அப்போது அவள் வந்தாள். வந்ததுமே மைக் போட்டாள். "ஹாய், ஸ்குவாட்ல ஒரு இடம் இருக்கா?" என்றாள். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. ஸ்னைப்பர். கார்98 துப்பாக்கி கையில் கிடைத்தால் மலைக்கு அந்தப் பக்கம் ஓடுகிறவனை ஒரே குண்டில் சாய்ப்பாள். ஒரு நல்ல ஸ்குவாடில் இடமும் கிடைத்தது.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் கிடையாது. நான் பயந்து மூடி வைத்ததை அவள் திறந்து வைத்துக்கொண்டு ஆடினாள். மோட்கள் மட்டும் பேசும் அறையில் ஒருநாள் எழுதினேன்: "இவங்க கேம் ஆட வரல, சீன் போட வந்திருக்காங்க." மற்றவர்கள் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டார்கள். அவளைப் பற்றிய முதல் கேவலமான பேச்சு அந்தச் சர்வரில் என் விரலிலிருந்துதான் போனது.

ஓர் இரவு, சர்வர் ஆட்கள் மட்டும் சேர்ந்து ஆடும் கஸ்டம் ரூமில் பயிற்சி ஆட்டம். முடிந்ததும் எல்லோரும் குரல் அறைக்கு வந்தார்கள். அவள் சுட்டு வீழ்த்திய ஒருவன் ஆரம்பித்தான். முதலில் "பொண்ணுங்கிறதால விட்டுக்கொடுத்தோம்" என்றான். பிறகு என்ன உடை போட்டிருக்கிறாய் என்று கேட்டான். பிறகு வாயால் அசிங்கமான சத்தங்கள். டிஸ்கார்டில் பேசுகிறவரின் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியும். அவன் வளையம் எரிந்தது. சிரித்தவர்களின் வளையங்களும் எரிந்தன.

அவள் அழவில்லை. தெளிவாகக் கேட்டாள். "மோட் யாராச்சும் இருக்கீங்களா? இவர மியூட் பண்ணுங்க, ப்ளீஸ்."

அந்த அறையில் இருந்த ஒரே மோட் நான். என் பெயர் தனி நிறத்தில் பட்டியலின் மேலேயே இருந்தது. அவள் அதைப் படித்தாள். என் ஐடியைச் சொல்லிக் கூப்பிட்டாள். "ப்ரோ, நீங்க இருக்கீங்கல்ல?"

அவன் பெயரின் மேல் கர்சரை வைத்து வலது கிளிக் செய்தேன். பட்டியல் விரிந்தது. சர்வர் மியூட். டிஸ்கனெக்ட். இன்னொரு கிளிக் போதும். நான் செய்யவில்லை.

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யார் யாரை மியூட் செய்தார் என்பது ஆடிட் லாகில் பதிவாகும். மற்ற மோட்கள் பார்ப்பார்கள். "அவளுக்கு ஏன் சப்போர்ட் பண்ற?" என்பார்கள். "நீயும் பொண்ணா?" என்று ஒருவன் கேட்டுவிட்டால்? அதுதான் பயம். அதுவரை யாருமே என்னைச் சந்தேகப்பட்டதில்லை. நடக்காத ஒன்றுக்குப் பயந்து, கண்முன்னே நடந்துகொண்டிருந்ததை விட்டேன். பயத்துக்கு அடியில் அதைவிட அழுக்கான ஒன்றும் இருந்தது. மைக் போட்டால் இப்படித்தான் ஆகும், நான் நினைத்தது சரி என்ற திருப்தி.

பட்டியலை மூடினேன். அறையை விட்டு வெளியேறினேன். குரல் அறையிலிருந்து ஒருவர் போனால் டிஸ்கார்டில் ஒரு சின்ன ஒலி வரும். அவளுக்கும் அது கேட்டிருக்கும்.

மறுநாள் எனக்குத் தனியாக எழுதினாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, நடவடிக்கை எடுக்க முடியுமா என்று கேட்டாள். நான் அனுப்பிய பதிலை அப்படியே தருகிறேன்: "கண்டுக்காதீங்க. பசங்க அப்படித்தான். மைக் ஆஃப் பண்ணிட்டு ஆடுங்க, பிரச்சனை வராது." அவள் எழுதியது இரண்டு சொல். "சரி ப்ரோ." அன்றைக்கே சர்வரை விட்டுப் போய்விட்டாள்.

அவள் இழந்தது என்ன என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஸ்குவாடில் சொந்தத் திறமையால் பிடித்த இடம் போனது. வெளியே போக முடியாத நாட்களில் பேச ஆள் இருந்த ஓர் இடம் போனது. அந்தப் பையனுக்கு எதுவும் ஆகவில்லை. அடுத்த வாரமும் அதே அறையில் அதே குரல். இவ்வளவு பேசினாலும் ஒன்றும் ஆகாது என்று அவனுக்கு அனுமதி கொடுத்தவள் நான். என்னைப்போலவே மைக் போடாமல் இருந்த வேறொரு பெண்ணும் அன்று அந்த அறையில் இருந்திருக்கிறாள். அதன்பின் செயலியையே போனிலிருந்து எடுத்துவிட்டதாக வெகுநாள் கழித்து எனக்கு எழுதினாள். மோட் வெளியேறியதை அவளும் பார்த்திருக்கிறாள்.

2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைலும் அதில் இருந்தது. சர்வர் காலியாகத் தொடங்கியது. எல்லாம் கலைந்துவிட்டது, இனி அவளை எங்கே தேடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். போனில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஆட்டம் அக்டோபர் 30 வரை ஓடியது. டிஸ்கார்டை யாரும் தடை செய்யவில்லை. அவள் பெயர் என் செய்திப் பட்டியலிலேயே இருந்தது. பல இரவுகளில் ஆன்லைனில் இருப்பதாகவும் காட்டியது. நான் எழுதவில்லை.

2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. வேறொரு சர்வரில் சேர்ந்தேன். மைக் போட்டுப் பேசினேன். இதைத் திருந்தியதற்குச் சாட்சியாக வைக்கமாட்டேன். அந்தத் துணிச்சலால் லாபம் எனக்கு மட்டும்தான்.

தன்னை விட்டுவிட்டுப் போன அந்த ப்ரோ ஒரு பெண் என்று அவளுக்கு இன்றும் தெரியாது. தெரிந்தால் என் குற்றம் குறையாது, கூடும். ஓர் ஆணாக இருந்தால் அவனுக்கு அதன் வலி புரியவில்லை என்று ஒரு சாக்காவது சொல்லலாம். எனக்கு அந்தச் சாக்கு இல்லை. அந்த அறையில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரிந்தவள் நான். புரிந்துதான் விட்டுவிட்டுப் போனேன்.