மதுரையில் படித்தவன்

எங்கே படித்தீர்கள் என்று யார் கேட்டாலும் வருடக்கணக்காக "மதுரையில்" என்றே சொல்லிவந்திருக்கிறேன். பட்டச் சான்றிதழைக் காட்டச் சொன்னாலும் மாட்டிக்கொள்ள மாட்டேன். அதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். கேட்டவர் அமெரிக்கன் கல்லூரியையோ தியாகராசர் கல்லூரியையோ நினைத்துக்கொள்வார். நான் மறுக்க மாட்டேன். ஒருவர் தல்லாகுளம், கோரிப்பாளையம் என்று தன் மாணவக் கதைகளைச் சொல்லச் சொல்ல, கூடவே திரிந்தவன் மாதிரி சிரித்திருக்கிறேன்.

நான் படித்தது அருப்புக்கோட்டை சைவபானு சத்திரியக் கல்லூரியில். திருச்சுழிக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமத்திலிருந்து நரிக்குடி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து போனேன்.

வெட்கம் கல்லூரியைப் பற்றியதல்ல, ஊரைப் பற்றியது. சினிமாவில் பார்த்த கல்லூரி ஊரில் விடுதி இருந்தது, ராத்திரி டீக்கடை இருந்தது, காதல் இருந்தது. எங்களுக்குக் கடைசி மணி அடித்தால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். அந்த வண்டியை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். தை, மாசியில் மிளகாய்ப் பழம் எடுக்கும்போது பாதி வகுப்பு வராது. நானும் போகமாட்டேன். விரல் காந்தலோடு மறுநாள் பேனா பிடித்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மதுரைக் கதை கலைந்துவிடும்.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் ஓர் ஊர்க்காரர்கள், பல்கலைக்கழகம் தங்களுக்கே வரட்டும் என்று 1837-இல் ஊருக்கு ஆக்ஸ்போர்டு என்று பெயர் வைத்தார்கள். 1848-இல் வந்தும்விட்டது. அருப்புக்கோட்டைக்காரர்கள் பெயரில் கை வைக்கவில்லை, மடியில் கை வைத்தார்கள். 1970-இல் நெசவுக்காரர்களான தேவாங்கர்கள் தேவாங்கர் கலைக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் நாடார் உறவின்முறை சைவபானுவைத் தொடங்கியது. உறவின்முறையின் பணம் மகமைப் பணம். கடைக்கு வருகிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தாங்களே ஒதுக்கிவைப்பது. அதில் பள்ளிக்கூடம் எழும், கோயில் எழும், கல்லூரியும் எழும். பக்கத்து விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடந்த பள்ளி.

நான் அந்தச் சமூகத்துப் பிள்ளை இல்லை. அவர்கள் காசு சேர்த்துக் கட்டிய கட்டடத்தில் எனக்கும் ஒரு பெஞ்சு கிடைத்தது. அப்பா கமிஷன் கடையில் போட்ட வற்றல் மூட்டையும் யாரோ ஓர் அண்ணாச்சியின் மகமைக் கணக்கில் ஏறியிருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது தோன்றவில்லை.

பொய் என்னோடு நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். சென்னையில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் நேர்முகத்துக்கு உட்கார்ந்திருந்தேன். வந்த பெண்ணின் விண்ணப்பத்தில் என் கல்லூரியின் பெயர். பாடத்தில் தெளிவாக இருந்தாள். இங்கிலீஷ் மட்டும் தடுக்கியது. எனக்கு முதல் நேர்முகத்தில் தடுக்கிய அதே இடங்களில். சகா என் பக்கம் குனிந்து, "உங்க பக்கத்து காலேஜ்தானே சார், எப்படி?" என்றார்.

"கேள்விப்பட்டதில்லை" என்றேன்.

எழுந்து போகும்போது அவள், "சார், நீங்க திருச்சுழிப் பக்கமா? பேச்சு அப்படி இருக்கு" என்றாள்.

"இல்லம்மா, மதுரை."

மதிப்பெண் தாளில் 'தகவல் பரிமாற்றம்' என்ற கட்டத்தில் குறைத்துப் போட்டேன். அவள் தேறவில்லை. இங்கிலீஷ்தான் காரணம் என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் உள்ளே வந்தால் கேன்டீனில் என்றாவது ஒரு நாள் "சார், நீங்க எந்த பேட்ச்?" என்று கேட்பாளே என்ற பயம்தான் காரணம்.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமணர், 1896 ஆகஸ்டில் மதுரையை விட்டுப் போனபோது கையில் இருந்தது அண்ணனின் கல்லூரிச் சம்பளம். ஐந்து ரூபாயில் வழிச்செலவுக்கு மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை வைத்துவிட்டு, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று சீட்டும் எழுதி வைத்தார். எல்லாவற்றையும் விட்டுப் போகிறவருக்குக்கூட அந்தக் கணக்கு உறுத்தியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. கேட்டு வளர்ந்த நான், கல்லூரியின் பெயரையே விழுங்கினேன்.

அலுவலகத்தில் என் விவரக் குறிப்பைப் போன மாதம் திருத்திவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணின் விண்ணப்பம் கோப்பில்தான் இருக்கும். எடுத்துப் பார்த்து அவளைக் கூப்பிடலாம், இன்னும் கூப்பிடவில்லை. சகாவிடமும் சொல்லவில்லை. அவர் இந்த இதழின் சந்தாதாரர்.