பார்த்தேன் என்று சொன்ன படங்கள்

‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வெளியானது. ஐமேக்ஸ் வடிவில் வந்த முதல் தமிழ்ப் படம் அது. அதில் வரும் வானதி கொடும்பாளூர்ப் பெண். கொடும்பாளூர் எங்கள் புதுக்கோட்டை மாவட்டம். விராலிமலையைத் தாண்டி மதுரை போகும் சாலையில் இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயிலில் மூன்றில் இரண்டு இன்றும் நிற்கின்றன. அந்த விக்கிரமகேசரியாகத்தான் படத்தில் பிரபு வருகிறார். இத்தனையும் கீழராஜவீதிப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறும் வரை நண்பர்களுக்குச் சொன்னவன் நான். படத்தை நான் பார்க்கவில்லை.

டிக்கெட் கிடைக்கவில்லை, வேலை இருந்தது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். உண்மை என்னவென்றால் எனக்குப் படம் பார்க்கப் பொறுமை இல்லை. படத்தைப் பற்றிய செய்தி படிக்கத்தான் பிடிக்கும். யார் கேமரா, எந்த ஓடிடி எவ்வளவுக்கு வாங்கியது, எந்தக் காட்சியை சென்சாரில் வெட்டினார்கள் என்பதெல்லாம் காலையில் பல் துலக்கும்போதே தெரிந்துவிடும். கதை வேண்டுமென்றால் பத்து நிமிடத்தில் முழுக் கதையும் சொல்லும் யூடியூப் வீடியோ இருக்கிறது. அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன். இவ்வளவு போதும், சாயங்காலக் கச்சேரிக்கு.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் கல்யாண வீடியோ எடுப்பவன், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கிறான். மூவரும் படம் பார்ப்பவர்கள். செருப்புக்கடைக்காரன் எந்தப் படமானாலும் முதல் வாரத்தில் தியேட்டரில் பார்த்துவிடுவான். ஆனால் பார்த்ததைச் சொல்ல அவனுக்கு வராது. “நல்லாருந்துச்சு மாப்ள” என்பான். அதோடு சரி. அந்த ‘நல்லாருந்துச்சு’க்கு விளக்கவுரை எழுதும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். இடைவேளைக்குப் பின் ஏன் தொய்கிறது, அந்தச் சண்டையை ஒரே ஷாட்டில் எப்படி எடுத்தார்கள் என்று நான் பேசப் பேச, படம் பார்த்தவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான். வெட்கமே இல்லாமல் சொல்கிறேன், அது ஒரு போதை. கேட்பவன் இருக்கும்வரை பார்க்க வேண்டிய அவசியம் வராது.

விளையாட்டு விஷயத்தில் ஒரு சின்னப் பையனிடமே மாட்டினேன். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் போனது. ஆசிரியரின் மகன் அதில் மூழ்கிக் கிடந்தவன். “இனிமேல் வரவே வராது சார், நிம்மதியா இருங்க” என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். மறு வருஷம் ஜூலையிலேயே அது பேரை மாற்றிக்கொண்டு பி.ஜி.எம்.ஐ. என்று வந்தது. பையன் என்னிடம், “மாமா, நீங்க எந்த மேப் ஆடுவீங்க?” என்றான். எராங்கல் என்றேன், அந்தப் பேர் படித்திருந்தேன். “அதுல எங்க எறங்குவீங்க?” என்றான். பாராசூட்டில் எந்த ஊரில் குதிப்பது என்று கேட்கிறான் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. கன்ட்ரோலரையோ கைபேசியையோ பிடித்து ஒரு ஆட்டம் ஆடியிராதவன் நான். “எங்க வேணாலும் எறங்குவேன்டா” என்றேன். அவன் சிரித்த சிரிப்பை அவன் அப்பா கவனிக்கவில்லை, நல்லவேளை.

இதுவரை சொன்னதில் யாருக்கும் பைசா நஷ்டமில்லை. செருப்புக்கடைக்காரன் டிவி வாங்கியதுதான் என்னை உறுத்துவது.

பழைய டிவி போய்விட்டது, என்ன வாங்கலாம் என்று கேட்டான். 4கே இல்லாமல் வாங்காதே என்றேன். 55 அங்குலத்துக்குக் குறைந்தால் டிவியே இல்லை என்றேன். எச்டிஆர், டால்பி என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். அவன் மனதில் இருந்த தொகையைப் போல இரண்டு மடங்கு விலை, தவணையில் வாங்கினான். இதைப் பேசிய நாளில் என் வீட்டு ஹாலில் இருந்தது 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி. அம்மா சீரியல் பார்க்க அது போதும் என்று வைத்திருந்தோம். நண்பர்கள் யாரையும் ஹாலுக்குள் கூப்பிடாமல் வாசல் திண்ணையிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிவி வந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். சுவரில் மாட்டியிருந்தார்கள். படம் கலங்கலாக, ஆட்களின் முகமெல்லாம் அகலமாகத் தெரிந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் பழைய கேபிள் பெட்டி, அதிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர். அந்தப் பெட்டி அனுப்புவது 720-க்கு 576 புள்ளி. 4கே திரையில் இருப்பது 3840-க்கு 2160. ஒரு புள்ளி வந்தால் மீதிப் பத்தொன்பதை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டும். வாங்கும் முன் “வீட்டில் என்ன பெட்டி இருக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. டிவியில் கேபிள் சொருகிப் பார்க்கிறவர்களைப் பற்றி நான் படித்த செய்திகளில் ஒன்றும் இருக்காது.

அவன் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கியவர். திரையில் ஒரு எம்.ஜி.ஆர். படம். “ஏந்தம்பி, படம் சீரியல் மாதிரி ஓடுதே, என்ன கோளாறு?” என்றார். “புது பேனல்ப்பா, அப்படித்தான் துல்லியமா இருக்கும்” என்றேன்.

சினிமா வினாடிக்கு 24 படமாக எடுக்கப்படுவது. புது டிவிகள் நடுநடுவே இல்லாத படங்களைத் தாமே செய்து செருகி வழுவழுவென்று ஓட்டும். அப்போது சினிமா, வீடியோவில் எடுத்த நாடகம் போலாகிவிடும். செட்டிங்கில் போய் அதை அணைத்தால் சரியாகிவிடும். 2018 டிசம்பரில் டாம் குரூஸ் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே போட்டார். அந்தச் செய்தியை டீக்கடையில் முதலில் சொன்னவனும் நான்தான். சொன்னவனுக்குக் கண்ணெதிரே அது ஓடும்போது அடையாளம் தெரியவில்லை. கிழவருக்குத் தெரிந்தது. அவர் எம்.ஜி.ஆர். படத்தைப் பார்த்திருக்கிறார், நான் அதைப் பற்றிப் படித்திருக்கிறேன்.

பேச்சை மாற்ற, அந்தக் கால நடிகர், எங்கள் ஊர் பி.யு. சின்னப்பாவை இழுத்தேன். 1916-ல் இங்கே பிறந்து, 1951-ல் முப்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தவர். சம்பாதித்ததையெல்லாம் புதுக்கோட்டையில் வீடாக வாங்கித் தள்ளியதால், இனி வாங்கக்கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் கதை உண்டு. ‘ஜகதலப்பிரதாபன்’ 1944-ல் வந்தது. அதில் பாடுகிறவரும் பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் எல்லாம் சின்னப்பாவே, ஐந்து பேரும் ஒரே சட்டத்துக்குள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இரட்டை வேடம் எடுத்த விதத்தை விவரித்தேன்: லென்ஸுக்கு முன்னால் ஒரு பாதியைக் கறுப்பாக மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறைத்ததைத் திறந்து, எடுத்ததை மூடி மறுபடி எடுப்பார்கள். இரண்டு வேடத்துக்கு இரண்டு முறை என்றால் ஐந்துக்கு எத்தனை, ஒரு தடவை பிசகினால் மொத்த ஃபிலிமும் பாழ் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

பெரியவர் முழுதும் கேட்டார். “டென்டு கொட்டாயில பாத்தது. அதுல பாட்டுப் பாடுற சின்னப்பா நடுவுல உக்காந்திருப்பாரா, ஓரத்துலயா?” என்றார்.

“நடுவுலப்பா.”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. “பாத்திருக்கீங்களா தம்பி?” என்றார். மகன் காபி எடுக்க உள்ளே போயிருந்தான். இல்லைப்பா, படித்ததுதான் என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிமோட்டில் ஒலியைக் கூட்டிக்கொண்டார்.

அந்த செட்டிங்கை மறுநாள் போய் அணைத்துக் கொடுத்தேன். கேபிள்காரரிடம் பேசி எச்டி பெட்டி வாங்கி வைத்தான், அதற்கு மாதக் கட்டணம் தனி. தவணை இன்னும் ஓடுகிறது. சாதாரண டிவியே அவன் வீட்டுக்குப் போதும் என்பதை அவனிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அவனும் “சூப்பர் டிவி மாப்ள, நீ சொன்னதாலதான் வாங்குனேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

‘ஜகதலப்பிரதாபன்’ படத்தைத் தேடிப்பிடித்து ஓர் இரவு பார்க்க உட்கார்ந்தேன். ராஜாவும் மந்திரியும் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கை தானாகக் கைபேசிக்குப் போனது. அந்தப் பாட்டுக் காட்சியை மட்டும் தள்ளித் தேடிப் பார்த்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் கடையில் வீடியோக்காரன் கேட்டான், “என்ன, முழுசாப் பாத்தியா?”

பார்த்தேன் என்றேன். இடைவேளைக்குப் பின் கொஞ்சம் நீளம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.