ஏழு நாள் இலவசம்

வேலூர் லாங் பஜாரில் திராட்சை விற்கும் அம்மா, நாம் நின்றாலே ஒரு பழத்தைக் கையில் வைத்து, "சாப்ட்டு பாரு கண்ணு, புளிச்சா வாங்காத" என்பார். புளித்தால் நடையைக் கட்டலாம். ஏழு நாள் கழித்து வந்து அவர் நம் பையில் கை விடமாட்டார்.

போன மாதம் அதே தெருவில் ஓர் அக்காவோடு பழைய செல்போன் கடை ஒன்றைத் தேடி அலைந்தேன். பள்ளிகொண்டா பக்கத்துச் சேரியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு அவர் மகள் வருகிறாள். அக்காவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. அந்த வீட்டிலிருந்து பத்தாம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் அந்த மகள்தான்.

ஒரு படிப்பு ஆப், "ஏழு நாள் இலவசம், பிடிக்கலைன்னா பணம் வாபஸ்" என்று சொல்லியிருக்கிறது. ஒரு ரூபாய் கட்டி யுபிஐ பின் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். மாதாமாதம் 999 ரூபாய் எடுத்துக்கொள்ள அனுமதியும் அதே பின் நம்பரில் போய்விட்டது. விவரமெல்லாம் ஆங்கிலத்தில். பணம் எடுப்பதற்கு முதல் நாள் வந்த குறுஞ்செய்தியும் ஆங்கிலத்தில். கம்பெனிக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. மூன்று மாதம் பணம் போனபிறகு, சீட்டுக் கட்டப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது.

அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டோம். "வீட்ல படிச்சவங்க யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க" என்றது எதிர்க்குரல். அக்கா ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினார். பணம் திரும்ப வேண்டுமென்றால் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்துதான் எழுத வேண்டுமாம். தனக்கு மின்னஞ்சல் இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. போன் விற்ற கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்தது அது. அதனால்தான் லாங் பஜார். கடை நோட்டில் பாஸ்வேர்ட் கிடைத்தது. எழுதினோம். 15 நாள் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

தோழர்களே, இந்த உத்தரவாதம் யாருக்கு? ஆங்கிலமும், சொந்த மின்னஞ்சலும், பகலில் போன் பேச நேரமும் இருப்பவர்களுக்கு. அவை இல்லாதவர்களின் மறதியும் தயக்கமும்தான் இவர்களுக்கு வருமானம்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. இலவசம் என்று சொல்லி, எளிய குடும்பங்களைக் குறிவைத்துத் தானாகப் பணம் எடுக்கும் வசதியைச் சில கல்வி நிறுவனங்கள் பெறுவதாக ஒன்றியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் எச்சரித்தது. 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் 'சந்தாப் பொறி'யையும் வைத்திருக்கின்றன. இலவசச் சந்தாவுக்குத் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பதும் அதில் அடங்கும். விதி இருக்கிறது. அது ஆம்பூர் கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களிடம் போய்ச் சேரவில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. "என் தப்புதான் தம்பி, படிக்காதவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் அக்கா. பணத்தை எடுத்தவர்களுக்கு வெட்கமில்லை, இழந்தவர் வெட்கப்படுகிறார். நமக்குத் தலைமுறைகளாகப் பழக்கிவிட்ட வெட்கம் இது. அம்பேத்கர் படம் மாட்டி, "பிள்ளையைப் படிக்க வையுங்கள்" என்று வீடு வீடாகச் சொன்னவர்கள் நாம். அந்த ஆசையை வைத்துத்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். அப்படியென்றால் காவலும் நம் வேலைதான்.

அன்றே அக்காவின் யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்தோம். அதற்கு அந்த நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் கொடுத்தோம். ஒரு மாதப் பணம் திரும்பியது. மீதிக்காகப் போராடிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை போனில் பேசுவது அக்காதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் பத்து வீட்டுப் போன்களில் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். பார்த்ததை அந்த வீட்டு அம்மாக்களுக்கே செய்யக் கற்றுக்கொடுங்கள்.

ஜெய் பீம்.