குடியிருக்கப் போவதில்லை என்றால்?

"வாடகைக்கு விடத்தானே சார் வாங்குறேன், இதுக்குப் போய் இன்ஸ்பெக்‌ஷனா?" சென்னையில் பழைய ஃபிளாட்டுகளைப் பரிசோதித்துச் சொல்லும் இன்ஜினீயரான நான் அடிக்கடி கேட்பது இதைத்தான். வக்கீல் வில்லங்கம் பார்த்துவிட்டார், வங்கி மதிப்பீட்டாளரும் வந்துபோனார், இன்னும் என்ன என்பார்கள். மதிப்பீட்டாளர் பார்ப்பது கடனுக்கு ஈடாகுமா என்பதை. பாத்ரூம் ஒழுகுகிறதா என்பது அவர் கவலை இல்லை.

வாடகைக்கு என்றால்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பேன். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 20,000 வந்தால் ஆண்டுக்கு 3 சதவீதம். சொத்து வரியும் மெயின்டனன்ஸும் போக இன்னும் குறையும். அதில் பெரிய ரிப்பேரைத் தாங்க இடமேது? தவிர, குடியிருக்கும் சொந்தக்காரர் கசிவை அன்றே கவனிப்பார். வாடகைக்காரர் வாளி வைத்துச் சமாளித்து, பொறுமை போனதும் காலி செய்துவிடுவார்.

நான் முதலில் போவது பாத்ரூமுக்கு. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றச் சொல்வேன். பழைய கட்டடங்களில் மேல்வீட்டு பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக இறக்கி, குழாய்களைப் பதித்து, செங்கல் ஜல்லி போட்டு மூடியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் நம் சீலிங்கில் இறங்கும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று பேசும். பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கம்பி துருவேறி, உப்பி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். சீலிங்கைப் பூசிவிடலாம். கசிவை நிறுத்த மேல்வீட்டுத் தளத்தை உடைக்க வேண்டும். செலவை நீங்களே ஏற்றாலும் மேல்வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமே! விலை பேசும்போதே இது தெரிந்திருக்க வேண்டும். (ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு பார்ப்பவர்களுக்கு என் தேவை பாதி குறையும். புது பெயின்ட் மணக்கும் வீட்டுக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள்.)

எல்லோருக்கும் நான் தேவை என்று சொல்லமாட்டேன். ரெரா சட்டத்தின் கீழ் வரும் கட்டடம், ஒப்படைத்து 5 ஆண்டு ஆகவில்லை என்றால், கட்டுமானக் குறையைச் செலவில்லாமல் சரிசெய்து தருவது பில்டர் பொறுப்பு. இடித்துக் கட்டப் பேச்சு நடக்கும் பழைய அடுக்ககத்திலோ நீங்கள் வாங்குவது சுவரை அல்ல, நிலத்தை. அங்கே என்னைக் கூப்பிட்டால், யுடிஎஸ் (நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு) எத்தனை சதுர அடி, பத்திரத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வக்கீலிடமே திருப்பி அனுப்பிவிடுவேன்.