குளிர் கீழிருந்தே வருகிறது

அமெரிக்காவின் கிழக்குப் புறத்தே, ஜார்ஜியா முதல் மேயின் வரை 14 மாநிலங்களைக் கடந்து செல்கிறது அப்பலாச்சியன் மலைப்பாதை. 1937-ஆம் ஆண்டில் முழுமை பெற்ற இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். கல்லும் வேரும் நிறைந்த தரையைத் தவிர்த்து, இரு மரங்களுக்கிடையே தூளிபோன்ற தொங்குபடுக்கை கட்டித் துயில்வோர் இங்குப் பலர். நாங்களும் அவ்வாறே துயின்றோம்.

தூளியில் குளிர் கீழிருந்தே வருகிறது என்பதை முதல் இரவே உணர்ந்தோம். எத்தனை கம்பளி போர்த்தினும், முதுகின்கீழ் அகப்பட்ட பகுதி உடற்பாரத்தால் நசுங்கித் தன்னுள் அடங்கிய காற்றை இழந்துவிடுகிறது. வெப்பத்தைக் காப்பது அக்காற்றன்றோ! தூளியின் அடியில் வீசும் மலைக்காற்றும் உடற்சூட்டைக் கவர்ந்து செல்கிறது.

கோடையில் மெல்லிய நுரைப்பாய் ஒன்றை முதுகின்கீழ் விரித்தால் பெரும்பாலும் போதும். ஆயினும் இப்பாதையின் மிக உயர்ந்த இடமாகிய குவோகிச் சிகரம் 2,025 மீட்டர். அத்தகைய உயரங்களில் கோடை இரவும் குளிரும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், தூளிக்கு வெளியே அதன் அடிப்புறத்தை ஒட்டித் தொங்கும் மெத்தை வேண்டும். உடற்பாரம் அதன்மேல் விழாதாகையால் அது நசுங்குவதில்லை. தளரக் கட்டினால் இடையே காற்றுப் புகும். இறுகக் கட்டினால் மெத்தை தட்டையாகும். கடுங்குளிருக்கு வாத்தின் மென்தூவி நிறைத்த தடித்த மெத்தையே ஏற்றது. ஆனால் நனைந்தால் அது சூடு தராது. மழைக்காலத்தில் செயற்கை இழை நிறைத்ததே நம்பத்தக்கது.

சுமை குறையட்டுமென்று அடிமெத்தையை விட்டுச் செல்லுதல் விவேகமன்று. இரவுக் குளிர் உயிருக்கே ஊறு செய்யக்கூடும். பிள்ளைகளுடன் மலையேறும் பெற்றோர் முதலில் முதுகுக்குக் காப்புத் தேடட்டும், மேற்போர்வை பிறகு.